ஆங்கிலத்தில் கடிதமும் மின்னஞ்சலும்: யாருக்கு எந்த நடையில் எழுதுவது?

தமிழில் ஒருவருக்கு மரியாதை காட்ட 'நீங்கள்' என்ற ஒரு சொல் போதும். வினைமுற்றும் அதற்கு ஏற்றபடி தானாக மாறிக்கொள்ளும். ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் நெருங்கியவரை அழைக்க 'தௌ', மரியாதைக்கு 'யூ' என்று இரண்டு சொற்கள் இருந்தன. பிறகு 'தௌ' பொது வழக்கிலிருந்து உதிர்ந்துவிட்டது. இன்று நாட்டின் பிரதமருக்கும் 'யூ'தான், பள்ளித் தோழனுக்கும் 'யூ'தான்.

அப்படியானால் மரியாதை எங்கே போயிற்று? வேறு இடங்களுக்குப் பரவிவிட்டது. எப்படி விளிக்கிறோம், எந்த வினைச்சொல்லை எடுக்கிறோம், கேள்வியை நேராகக் கேட்கிறோமா சுற்றிக் கேட்கிறோமா, சொற்களைச் சுருக்குகிறோமா, எப்படி முடிக்கிறோம் என்று கடிதம் முழுவதிலும் அது சிதறிக் கிடக்கிறது. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாத மின்னஞ்சல் சில வேளைகளில் பெறுபவரை முகம் சுளிக்க வைப்பதற்கு இதுவே காரணம். முதல் வரி வணங்கி நிற்கும். மூன்றாம் வரி கட்டளையிடும். கடைசி வரி தோளில் கை போடும்.

நல்ல ஆங்கிலக் கடிதத்துக்குக் கடினமான சொற்கள் தேவையில்லை. பெறுபவரிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த இடைவெளியைக் கடைசி வரி வரை மாற்றாமல் எழுத வேண்டும். இந்த வழிகாட்டியில் உள்ள ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

முதல் படி: எழுதும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய மூன்று கேள்விகள்

மொழியில் பணிவு எப்படி இயங்குகிறது என்று ஆராய்ந்த பெனலோப்பி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இரு அறிஞர்கள் மூன்று அளவைகளைச் சொன்னார்கள். அவருக்கு நம்மீது எவ்வளவு அதிகாரம்? அவரை நமக்கு எவ்வளவு பழக்கம்? நாம் கேட்கும் காரியம் அவருக்கு எவ்வளவு பாரம்? எழுத உட்காரும்போது இந்த மூன்றையும் மனத்துக்குள் கேட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

முதல் இரண்டு கேள்விகள் யாருக்கும் தானாகத் தோன்றும். மூன்றாவதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். நாள்தோறும் பேசிச் சிரிக்கும் மேலதிகாரிதான் என்றாலும், அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்ப அனுமதி கேட்பதும் இரண்டு மாத விடுப்புக் கேட்பதும் ஒரே தொனியில் இருக்க முடியாது. பாரம் கூடினால் தொனியும் ஒரு படி ஏற வேண்டும். நெருங்கிய நண்பரிடம் பெரிய தொகை கடன் கேட்கும்போது நம்மை அறியாமலே சொற்கள் நீண்டு, தயங்கித் தயங்கி வருமே, அதே நியாயம்தான்.

ஆங்கிலத்தில் எத்தனை நடைகள் உண்டு என்பதற்கு ஒரே விடை இல்லை. மொழியியலாளர் மார்ட்டின் ஜூஸ் 1960-களில் ஐந்து என்று பிரித்தார்: மாறாத வாய்பாடாக உறைந்துபோனது, முறைசார்ந்தது, கலந்து பேசுவது, இயல்பானது, நெருக்கமானது. கடிதம் எழுதுபவருக்கு மூன்று போதும். அறியாதவருக்கும் நிறுவனத்துக்கும் முறைசார்ந்த நடை. தெரிந்த அலுவல் தொடர்புகளுக்கு அலுவல் நடை. நண்பருக்கும் உறவினருக்கும் நட்பு நடை.

எது பொருந்தும் என்று குழப்பமாக இருந்தால், முதல் கடிதத்தை ஒரு படி மேலே வைத்து எழுதுங்கள். அவர் பதிலில் உங்கள் முதற்பெயரைச் சொல்லி அழைத்து, தன் முதற்பெயரை மட்டும் போட்டு முடித்திருந்தால், நீங்களும் இறங்கி வரலாம் என்பது அதன் பொருள். மேலிருந்து கீழே வருவது எளிது. நட்பாகத் தொடங்கிவிட்டு அடுத்த கடிதத்தில் விறைத்துக்கொண்டால் கோபம் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டாம் படி: விளியும் முடிப்பும் ஒரு ஜோடி

இவை இரண்டையும் ஒன்றாகவே தீர்மானியுங்கள். பிரிட்டிஷ் கடித மரபில் இதற்குத் தெளிவான விதி உண்டு. பெயர் தெரியாமல் 'டியர் சர் ஆர் மேடம்' என்று தொடங்கினால் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்று முடிக்க வேண்டும். 'டியர் மிஸ்டர் டெய்லர்' என்று பெயரோடு தொடங்கினால் 'யுவர்ஸ் சின்சியர்லி'. இரண்டையும் மாற்றிப் போடுவது தேர்வுத் தாளில் மதிப்பெண் குறைக்கும் பிழை. அமெரிக்கர்கள் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி'யைப் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. அவர்களுக்கு 'சின்சியர்லி' என்ற ஒற்றைச் சொல்லே போதும். முறைசார்ந்த கடிதத்தில் அவர்கள் விளிக்குப் பின் முக்காற்புள்ளி இடுவார்கள், பிரிட்டனில் காற்புள்ளி. 'மிஸ்டர்' என்பதன் இரண்டெழுத்துச் சுருக்கத்துக்குப் பின் அமெரிக்காவில் புள்ளி உண்டு, பிரிட்டனில் இன்று பெரும்பாலும் இல்லை. எந்த மரபையும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்கக் கூடாது.

பெயர் விஷயத்தில் நாம் மிகவும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மிஸ்டர், மிஸ், டாக்டர், புரொஃபசர் போன்ற பட்டங்களுக்குப் பின் குடும்பப் பெயர்தான் வர வேண்டும். அலெக்ஸ் டெய்லர் என்பவரை 'டியர் மிஸ்டர் டெய்லர்' என்றோ 'டியர் அலெக்ஸ்' என்றோ அழைக்கலாம். 'டியர் மிஸ்டர் அலெக்ஸ்' என்பது அவர்கள் காதுக்குப் பொருந்தாத கலவை. ஆணா பெண்ணா என்று பெயரிலிருந்து தெரியவில்லை என்றால் 'டியர் அலெக்ஸ் டெய்லர்' என்று முழுப் பெயரையும் எழுதிவிடுவது நல்லது. பெண் என்று தெரிந்தாலும் மணமானவரா என்பது நமக்குத் தேவையில்லாத செய்தி. அதற்காகவே உள்ள, 'எம்', 'எஸ்' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளால் எழுதி, 'மிஸ்' என்று முடிவில் ஸகரம் அழுந்தி ஒலிக்கும் பட்டத்தைப் போடுங்கள். அவரே 'மிஸ்ஸஸ்' என்று கையெழுத்திட்டிருந்தால் அவர் விருப்பப்படியே எழுதுங்கள்.

'ரெஸ்பெக்டட் சர்' என்பது நம் 'மதிப்பிற்குரிய ஐயா'வை அப்படியே ஆங்கிலத்தில் வைத்தது. தெற்காசியாவுக்குள் யாரும் அதைத் தவறாக நினைக்க மாட்டார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கோ நிறுவனத்துக்கோ எழுதும்போது விட்டுவிடுங்கள். 'டியர்' என்ற சொல்லில் அவர்களுக்கு அன்பின் சாயல் எதுவும் தெரியாது. அது வெறும் மரபு விளி என்பதால் அந்நியருக்கும் கூச்சமின்றி எழுதலாம். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பெயர் கிடைக்கவில்லை என்றால் 'டியர் ஹயரிங் மேனேஜர்' பொருந்தும். 'டு ஹூம் இட் மே கன்சர்ன்' என்பதை, யார் கைக்குப் போகும் என்று தெரியாத நற்சான்றுக் கடிதங்களுக்கு ஒதுக்கி வையுங்கள்.

அலுவல் மின்னஞ்சலில் 'டியர் அலெக்ஸ்', 'ஹலோ அலெக்ஸ்', 'ஹாய் அலெக்ஸ்' என்று வரிசையாக இறுக்கம் தளரும். முடிப்பில் 'கைண்ட் ரிகார்ட்ஸ்', 'பெஸ்ட் ரிகார்ட்ஸ்', 'பெஸ்ட்' என்று அதே போல் இறங்கி வரும். தனியாக 'ரிகார்ட்ஸ்' என்று மட்டும் போட்டால் சிலருக்குச் சற்றுக் குளிர்ச்சியாகப் படும். 'சியர்ஸ்', 'டேக் கேர்', 'லவ்' எல்லாம் நட்புக்கும் குடும்பத்துக்கும். 'டியர்' என்று மட்டும் எழுதி, பெயரே சொல்லாமல் விடுவதை எந்த நடையிலும் செய்யாதீர்கள். ஆங்கிலத்தில் அது காதலர்களும் வயதான தம்பதியரும் அழைத்துக்கொள்ளும் முறை.

மூன்றாம் படி: முதல் வரியிலேயே காரியம்

முறைசார்ந்த கடிதம் தன் நோக்கத்தை முதல் வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். 'ஐ ஆம் ரைட்டிங் டு என்கொயர் அபௌட்' என்றால் விசாரணை, 'ஐ ஆம் ரைட்டிங் டு அப்ளை ஃபார்' என்றால் விண்ணப்பம், 'ஐ ஆம் ரைட்டிங் டு கம்ப்ளெய்ன் அபௌட்' என்றால் புகார். அலுவல் நடையில் 'ஜஸ்ட் அ குயிக் கொஸ்டின் அபௌட்' என்று நேராக வந்துவிடலாம். முன்பு பேசிய விஷயத்தின் தொடர்ச்சி என்றால் 'ஃபர்தர் டு அவர் கான்வர்சேஷன்' என்பது முறைசார்ந்தது, 'ஃபாலோயிங் அப் ஆன் அவர் சாட்' என்பது இயல்பானது.

'ஐ ஹோப் திஸ் ஈமெயில் ஃபைண்ட்ஸ் யூ வெல்' என்ற வரியில் தவறு இல்லை. ஆனால் அது தேய்ந்துபோன வரி. தெரிந்தவர் என்றால் அவரைப் பற்றிய உண்மையான ஒன்றை எழுதுங்கள்: பயணம் நல்லபடியாக முடிந்ததா, புதிய வேலை எப்படி இருக்கிறது. தெரியாதவர் என்றால் நலம் விசாரிக்காமல் நேராகக் காரியத்துக்கு வருவதே மரியாதை. நமக்கு அது வெடுக்கென்று படலாம். அவர்கள் அதைத் தங்கள் நேரத்துக்குக் கொடுத்த மதிப்பாக எடுத்துக்கொள்வார்கள்.

உங்களை அறிமுகம் செய்துகொள்வதாக இருந்தால் ஒரே வாக்கியத்தில் முடியுங்கள். 'மைசெல்ஃப்' என்று தொடங்காமல் 'மை நேம் இஸ்' அல்லது 'ஐ ஆம் அ ஃபைனல் இயர் ஸ்டூடன்ட் அட்' என்று தொடங்குங்கள்.

நான்காம் படி: சொற்களின் எடை

1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தை வென்றார்கள். அதன்பின் நெடுங்காலம் அரசவையும் நீதிமன்றமும் பிரெஞ்சில் நடந்தன, கல்வியும் சமயமும் லத்தீனில் இயங்கின. மக்கள் வீட்டிலும் வயலிலும் ஆங்கிலமே பேசினார்கள். இதனால் ஒரே செயலுக்கு ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் சேர்ந்துவிட்டன. வீட்டுச் சொல் குட்டையாகவும் இயல்பாகவும் இருக்கும். பிரெஞ்சு, லத்தீன் வழி வந்த சொல் நீண்டு, அலுவலக வாசனையோடு இருக்கும்.

'ஆஸ்க்' இயல்பு, 'ரிக்வெஸ்ட்' முறைசார்ந்தது. அதே போல 'கெட்' – 'ரிசீவ்', 'ஹெல்ப்' – 'அசிஸ்ட்', 'பை' – 'பர்ச்சேஸ்', 'நீட்' – 'ரிக்வயர்', 'டெல்' – 'இன்ஃபார்ம்', 'லெட்' – 'பெர்மிட்'. நமக்குத் தமிழில் 'கேள்' என்பதற்கும் 'விண்ணப்பி' என்பதற்கும் உள்ள இடைவெளியைப் போன்றதுதான் இது. இரட்டை வினைகளும் இதே கணக்கில் அடங்கும். 'புட் ஆஃப்' நண்பரிடம், 'போஸ்ட்போன்' கடிதத்தில். 'லுக் இன்டு' பேச்சில், 'இன்வெஸ்டிகேட்' புகாரில். 'ஃபைண்ட் அவுட்' – 'டிஸ்கவர்', 'செட் அப்' – 'எஸ்டாப்ளிஷ்', 'கோ அப்' – 'இன்க்ரீஸ்'.

சுருக்க வடிவங்களும் ஓர் அடையாளம். 'ஐம்', 'கான்ட்', 'வோன்ட்', 'ஐவ்' என்று சுருக்கினால் நடை தளர்கிறது. முறைசார்ந்த கடிதத்தில் 'ஐ ஆம்', 'கேனாட்', 'வில் நாட்', 'ஐ ஹேவ்' என்று விரித்தே எழுத வேண்டும். இணைப்புச் சொற்களில் 'பட்' இருந்த இடத்தில் 'ஹவெவர்', 'ஸோ' இருந்த இடத்தில் 'தேர்ஃபோர்', 'ஆல்சோ' இருந்த இடத்தில் 'இன் அடிஷன்' வரும்.

ஆனால் எடை கூடிய சொற்களைக் கொட்டினால் முறைசார்ந்த கடிதம் ஆகிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஆங்கிலம் பழைய அலுவலகக் கோப்புகளில் வளர்ந்தது. 'ஹியர்வித்', 'தி அண்டர்சைன்ட்', 'ஃபார் யுவர் கைண்ட் பெருசல்', 'த சேம்' என்றெல்லாம் எழுதிப் பழகிவிட்டோம். ஆங்கிலம் பேசும் நாடுகளே இந்த நடையைக் கைவிட்டு வருகின்றன. பிரிட்டனில் 1979-இல் எளிய ஆங்கிலத்துக்கான இயக்கம் தொடங்கியது. அமெரிக்காவில் 2010-இல் அரசு அலுவலகங்கள் மக்களுக்குத் தெளிவாக எழுத வேண்டும் என்று சட்டமே வந்தது. இன்றைய முறைசார்ந்த ஆங்கிலம் எளிமையானது, முழுமையானது, நிதானமானது. 'யூட்டிலைஸ்' வேண்டாம், 'யூஸ்' போதும். 'கமென்ஸ்' வேண்டாம், பெரும்பாலான இடங்களில் 'பிகின்' போதும்.

ஐந்தாம் படி: கேட்கும் கலை

கடிதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலான கடிதங்கள் எதையோ கேட்பதற்காகவே எழுதப்படுகின்றன. ஓர் அறிக்கையை அனுப்பச் சொல்லிக் கேட்கிறோம் என்று வைத்துக்கொண்டு, படிப்படியாக ஏறிப் பார்ப்போம்.

'செண்ட் மீ த ரிப்போர்ட்.' இது கட்டளை. முன்னால் 'ப்ளீஸ்' சேர்த்தாலும் கட்டளைதான், கொஞ்சம் நாகரிகமான கட்டளை. நம்மவர்கள் 'ப்ளீஸ்' என்ற ஒரு சொல்லை முழுவதுமாக நம்பிவிடுகிறார்கள். அது அவ்வளவு பாரத்தைத் தாங்காது.

'கேன் யூ செண்ட் மீ த ரிப்போர்ட்?' இது கேள்வியாகிவிட்டது. மறுக்கும் வாய்ப்பை அவருக்குக் கொடுக்கிறோம். நண்பருக்கும் பக்கத்து மேசைச் சகாவுக்கும் போதும்.

'குட் யூ செண்ட் மீ த ரிப்போர்ட், ப்ளீஸ்?' இங்கே 'கேன்' இறந்தகால வடிவம் எடுத்து 'குட்' ஆகிறது. நடந்து முடிந்த காலத்தைப் பற்றி நாம் பேசவில்லை. கோரிக்கையை ஓரடி பின்னால் தள்ளி வைக்கிறோம், அவ்வளவுதான். அலுவல் மின்னஞ்சலில் பத்துக்கு எட்டு இடங்களில் இந்த ஒரு வாக்கியமே சரியாக இருக்கும்.

'ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் செண்ட் மீ த ரிப்போர்ட்.' இதில் கேள்வியே மறைந்துவிட்டது. மனத்துக்குள் யோசித்துக்கொண்டிருந்ததை, அதுவும் இறந்தகாலத்தில், சொல்வதாக அமைந்திருக்கிறது. பாரமான உதவி கேட்கும்போது இதை எடுங்கள்.

'ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் செண்ட் மீ த ரிப்போர்ட்.' முறைசார்ந்த கடிதத்துக்கு உரியது. 'வுட்' வந்தால் பின்னால் 'குட்' வர வேண்டும். 'வுட்' போட்டுவிட்டுப் பின்னால் 'கேன்' போடுவது நடையைப் பாதியில் உடைத்துவிடும்.

தமிழில் பணிவு விகுதியில் இருக்கிறது என்றால், ஆங்கிலத்தில் அது தயக்கத்திலும் இறந்தகாலத்திலும் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் எண்ணற்ற வாய்பாடுகளை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை வராது. 'ஐ வான்ட்' எப்படி 'ஐ வுட் லைக்' ஆகிறது, 'ஐ ஹோப்' எப்படி 'ஐ வாஸ் ஹோப்பிங்' ஆகிறது என்று நீங்களே ஊகித்துவிடலாம். 'ஐ வான்ட்' என்ற தொடரை மட்டும் முன்பின் தெரியாதவருக்கு ஒருபோதும் எழுதாதீர்கள். நாம் சாதாரணமாக 'எனக்கு ஒன்று வேண்டும்' என்பதைத்தான் எழுதுகிறோம். அவர்களுக்கு அது அதட்டலாகக் கேட்கும்.

ஏணியின் உச்சிக்கே எப்போதும் ஏறிவிடுவதும் சரியல்ல. தினமும் பழகும் சகாவிடம் ஒரு தொலைபேசி எண்ணைக் கேட்க 'ஐ வுட் பி எக்ஸ்ட்ரீம்லி கிரேட்ஃபுல்' என்று தொடங்கினால், நாம் ஏதோ மனத்தாங்கலில் இருக்கிறோம் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

இன்னும் மூன்று தொடர்களைப் பற்றி எச்சரிக்க வேண்டும். 'கைண்ட்லி' என்பது நமக்குப் பணிவு. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பலருக்கு அது எரிச்சலை அடக்கிக்கொண்டு பேசுவதாகப் படும். 'டூ த நீட்ஃபுல்' பழைய பிரிட்டிஷ் அலுவலகத் தொடர். இன்று பெரும்பாலும் நம்மிடமே வாழ்கிறது. அதைவிட, என்ன செய்ய வேண்டும் என்பதை அது சொல்வதே இல்லை என்பதுதான் என் வருத்தம். 'ரிவர்ட்' என்றால் பழைய நிலைக்குத் திரும்புதல். பதில் தருவதற்கு 'ரிப்ளை' என்ற எளிய சொல் இருக்கிறது.

ஆறாம் படி: கசப்பான செய்தியை எழுதுவது

குற்றம் சாட்டும்போது 'யூ' என்ற சொல் கத்தியாகிவிடும். 'யூ ஹேவ் நாட் பெய்ட்' என்றால் விரல் நீட்டுகிறோம். 'த பேமென்ட் ஹேஸ் நாட் பீன் ரிசீவ்ட்' என்று செயப்பாட்டுவினையில் எழுதினால் பணம் வரவில்லை என்ற செய்தி மட்டும் நிற்கிறது. செயப்பாட்டுவினையைத் தவிர்க்கச் சொல்லும் எழுத்துப் பாடங்கள் நிறைய உண்டு. இந்த இடத்தில் அது நம் நண்பன்.

புகார்க் கடிதத்தில் கோபம் கூடக் கூடச் சொற்கள் குளிர வேண்டும். முதல் கடிதத்தில் என்ன வாங்கினோம், எந்தத் தேதி, என்ன கோளாறு, என்ன தீர்வு வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்லி, 'ஐ வுட் அப்ரிஷியேட் அ ரிப்ளை பை' என்று தேதி குறிப்பிட்டு முடிக்கலாம். அதற்கும் பதில் இல்லை என்றால் அடுத்ததில் 'அன்லெஸ் ஐ ரிசீவ் அ ரெஸ்பான்ஸ் பை' என்று தேதியைச் சொல்லி, 'ஐ வில் ஹேவ் நோ ஆல்டர்நேட்டிவ் பட் டு' என்று அடுத்த நடவடிக்கையைக் குறிப்பிடுங்கள். பெரிய எழுத்துகளும் வியப்புக்குறிகளும் வேண்டாம். அவை நம் பக்கத்தைப் பலவீனப்படுத்தும்.

மன்னிப்பிலும் படிகள் உண்டு. தாமதமாகப் பதில் எழுதியதற்கு நண்பரிடம் 'சாரி அபௌட் த டிலே', சகாவிடம் 'ஐ ஆம் சாரி ஃபார் த டிலே', வாடிக்கையாளரிடம் 'ஐ அப்பாலஜைஸ் ஃபார் த டிலே', நிறுவனத்தின் சார்பில் 'ப்ளீஸ் அக்செப்ட் அவர் அப்பாலஜீஸ்'. ஆனால் உண்மையாகவே ஒருவர் மனம் புண்பட்டிருக்கும்போது 'ஐ ஆம் சாரி' என்ற எளிய வாக்கியத்தின் அருகில் மற்றவை எதுவும் நிற்க முடியாது. இரங்கல் கடிதமும் அப்படித்தான். 'ஐ வாஸ் ஸோ சாரி டு ஹியர் அபௌட் யுவர் ஃபாதர்' என்று தொடங்கி, அவரைப் பற்றி உங்களுக்கு நினைவிருக்கும் ஒன்றைச் சொல்லி, சிறிதாக முடித்துவிடுங்கள்.

மறுக்கும்போது 'அன்ஃபார்ச்சுனேட்லி' அல்லது 'ஐ ஆம் அஃப்ரெய்ட்' முன்னால் வரட்டும், காரணம் ஒரே வாக்கியத்தில் வரட்டும். காரணங்களை அடுக்கினால் சாக்குப்போக்காகத் தோன்றும்.

ஒரே செய்தி, மூன்று நடை

வியாழக்கிழமைச் சந்திப்புக்கு வர முடியவில்லை, திங்களுக்கு மாற்ற வேண்டும். அதிகம் பழகாத வாடிக்கையாளருக்கு எழுதுகிறோம்:

'டியர் மிஸ்டர் டெய்லர், ஐ ஆம் ரைட்டிங் அபௌட் அவர் மீட்டிங் ஆன் தர்ஸ்டே, 12 ஜூன். அன்ஃபார்ச்சுனேட்லி, ஐ வில் நாட் பி ஏபிள் டு அட்டெண்ட். வுட் இட் பி பாசிபிள் டு போஸ்ட்போன் இட் அன்டில் மன்டே, 16 ஜூன்? ஐ அப்பாலஜைஸ் ஃபார் எனி இன்கன்வீனியன்ஸ். யுவர்ஸ் சின்சியர்லி,'

பழகிய சகாவுக்கு:

'ஹலோ அலெக்ஸ், ஐம் அஃப்ரெய்ட் ஐ கான்ட் கம் டு தர்ஸ்டேஸ் மீட்டிங். குட் வீ மூவ் இட் டு மன்டே? சாரி ஃபார் த ஷார்ட் நோட்டீஸ். பெஸ்ட் ரிகார்ட்ஸ்,'

நண்பருக்கு:

'ஹாய் அலெக்ஸ், சாரி, கான்ட் மேக் தர்ஸ்டே. மன்டே ஓகே?'

ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் படித்துப் பாருங்கள். செய்தி மாறவில்லை. 'போஸ்ட்போன்' 'மூவ்' ஆகிறது, 'அப்பாலஜைஸ்' 'சாரி' ஆகிறது, 'வில் நாட் பி ஏபிள்' 'கான்ட்' ஆகிறது. கடைசியில் எழுவாயே உதிர்ந்துவிடுகிறது. எழுவாயை விட்டு எழுதுவது நட்பு நடையின் உரிமை. அலுவல் நடைக்கு மேலே அதைக் கொண்டுபோகக் கூடாது.

கலந்த நடையைத் திருத்துவது

இப்போது ஒரு மோசமான மின்னஞ்சலைப் பார்ப்போம். பல்கலைக்கழக அலுவலகத்துக்கு ஒரு மாணவர் எழுதுவதாகக் கொள்வோம்:

'ரெஸ்பெக்டட் சர், ஹோப் யூ ஆர் டூயிங் குட். ஐ வான்ட் மை சர்டிஃபிகேட் இம்மீடியட்லி. கைண்ட்லி டூ த நீட்ஃபுல். தேங்க்ஸ் அ லாட்!!!'

விளி மிகப் பணிவு. அடுத்த வரி நண்பரிடம் பேசும் பேச்சு. மூன்றாவது அதட்டல். கடைசியில் மூன்று வியப்புக்குறிகள். எழுதிய மாணவரின் மனத்தில் பணிவைத் தவிர வேறெதுவும் இல்லை. சொற்கள் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. எந்தச் சான்றிதழ், எந்த ஆண்டு, எப்போதைக்குள் என்ற விவரமும் இல்லை. இப்படி மாற்றலாம்:

'டியர் சர் ஆர் மேடம், ஐ கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் மே 2024 அண்ட் ஹேவ் நாட் யெட் ரிசீவ்ட் மை சர்டிஃபிகேட். ஐ நீட் டு சப்மிட் இட் டு அன் எம்ப்ளாயர் பை 20 ஜூன். குட் யூ ப்ளீஸ் டெல் மீ வென் இட் வில் பி ரெடி? மை ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் இஸ் கிவன் பிலோ. யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி,'

'இம்மீடியட்லி' போய்விட்டது, அதன் இடத்தில் ஒரு தேதியும் காரணமும் வந்திருக்கின்றன. அவசரத்தைக் காட்ட அதைவிட வலுவான வழி இல்லை.

தாளில் எழுதும் கடிதம்

அமைப்பு எளிதானது. பிரிட்டிஷ் மரபில் அனுப்புநர் முகவரி வலப்பக்கம் மேலே, பெயர் இல்லாமல். பெறுநர் பெயரும் முகவரியும் அதற்குக் கீழே இடப்பக்கம். பிறகு தேதி, விளி, உடல், முடிப்பு, கையெழுத்து, அதன் கீழே தெளிவாக முழுப் பெயர். எல்லாவற்றையும் இடப்பக்கமே வரிசைப்படுத்துவதும் இன்று பரவலாக உண்டு. 'ஃப்ரம்', 'டு' என்ற தலைப்புகள் வேண்டாம்.

தேதியில் கவனம். 03/04 என்று எழுதினால் பிரிட்டனில் ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4. மாதத்தை எழுத்தில் எழுதிவிட்டால் வழக்கே இல்லை.

மின்னஞ்சலுக்கே உரியவை

1971-இல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து வலைப்பின்னல் வழியாக மற்றொன்றுக்கு முதல் மின்னஞ்சலை அனுப்பினார். கடித மரபுக்கு நூற்றாண்டுகள் வயது. மின்னஞ்சல் வழக்கங்கள் இன்னும் நெகிழ்ந்துகொண்டிருப்பவை. அதனால்தான் ஒரே உரையாடலுக்குள்ளேயே நடை மாறலாம். முதல் மின்னஞ்சலில் விளி, முடிப்பு எல்லாம் முழுமையாக இருக்கும். இரண்டு மூன்று பதில்கள் போனபின், அவர் விளியை விட்டுவிட்டால் நீங்களும் விடலாம்.

தலைப்பு வரியில் செய்தியின் சாரம் இருக்க வேண்டும். 'ரிக்வெஸ்ட்', 'அர்ஜென்ட்', 'ஹாய்' என்பவை தலைப்புகள் அல்ல. 'மீட்டிங் ஆன் 12 ஜூன்: ரிக்வெஸ்ட் டு போஸ்ட்போன்' என்பது தலைப்பு. கைப்பேசியில் பின்பாதி வெட்டுப்படும் என்பதால் முக்கியமான சொல் முன்னால் வரட்டும்.

இணைப்பை அனுப்பும்போது 'ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்ட்' முறைசார்ந்தது, 'ஐ ஹேவ் அட்டாச்ட்' எல்லா இடத்துக்கும் பொருந்துவது, 'ஹியர்ஸ் த ஃபைல்' நட்பு. பெறுநர் முகவரியைக் கடைசியாக நிரப்புங்கள். பாதி எழுதிய மின்னஞ்சல் கைதவறிப் போகாது. நகல் பெறுவோர் பட்டியலில் மேலதிகாரியைச் சேர்ப்பதும் ஒரு தொனிதான். சகாவின் மேலதிகாரியைத் திடீரென்று சேர்த்தால் அது புகாராகவே படிக்கப்படும். முகச்சித்திரங்களை (எமோஜி) பெறுநர் முதலில் அனுப்பட்டும்.

முடிக்கும் முன் வரும் வழக்கமான வரி 'ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ'. 'டு' என்பதைப் பார்த்ததும் 'ஹியர்' என்று எழுதக் கை துடிக்கும். இங்கே 'ஹியரிங்' என்பதே சரி. இதை 'லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ' என்று எழுவாய் இல்லாமல் எழுதினால் ஒரு படி இறங்கிவிடும். அலுவல் நடைக்கு அது சரி. 'தேங்க்ஸ் இன் அட்வான்ஸ்' என்பது, அவர் ஒப்புக்கொள்ளும் முன்பே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வது. பெரிய உதவி கேட்கும் கடிதத்தில் தவிர்த்துவிடுங்கள்.

பதில் வராதபோது

நினைவூட்டல் எழுத ஒரு வார இடைவெளி விடுங்கள். புதிய மின்னஞ்சல் தொடங்காமல் பழையதற்கே பதிலாக எழுதினால் அவர் தேடவேண்டியிருக்காது. 'யூ டிட் நாட் ரிப்ளை' என்று தொடங்காதீர்கள். 'ஆஸ் பெர் மை லாஸ்ட் ஈமெயில்' என்பதும் பலருக்குக் குத்தலாகவே படும். 'ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ ஹேட் ஹேட் அ சான்ஸ் டு லுக் அட் மை ஈமெயில் பிலோ' என்ற வாக்கியம், அவர் வேலை மிகுதியால் பார்க்கவில்லை என்ற சமாதானத்தையும் சேர்த்தே கொடுக்கிறது. தெரிந்தவர் என்றால் 'ஜஸ்ட் செக்கிங் இன் ஆன் திஸ்' போதும்.

இரண்டாவது நினைவூட்டலில் கேள்வியைச் சிறிதாக்குங்கள். முழு அறிக்கையைக் கேட்டிருந்தால், எந்தத் தேதிக்குள் எதிர்பார்க்கலாம் என்று மட்டும் கேளுங்கள்: 'குட் யூ லெட் மீ நோ வென் ஐ மைட் எக்ஸ்பெக்ட் இட்?' ஒரு வரியில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் வருவதற்கு வாய்ப்பு அதிகம். அதற்கும் பதில் வரவில்லை என்றால் தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள், அல்லது அதே அலுவலகத்தில் வேறு யாரை அணுகலாம் என்று விசாரியுங்கள்.